பூச்சி மேல் போட்ட பழி

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இரண்டு விஷயம் கேட்டாய். இரண்டுக்கும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்தச் சரியில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பாய். போனில் எனக்குப் பேச வராது. மழை பெய்ததா, பயிர் எப்படி, சாப்பிட்டாயா, அதற்கு மேல் என் வாய் நகராது என்பது உனக்குத் தெரிந்த கதைதான். அதுவுமில்லாமல் இது நீ குறுக்கே பேசாமல் கேட்க வேண்டிய விஷயம். கம்பெனி பஸ்ஸில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படி.

நீ கேட்டதை உன் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "நைனா, தை பொறக்கறதுக்குள்ள ஆளு வெச்சி வூடு பூரா ஒட்டடை அடிச்சிடு, மருந்தும் அடிச்சிடு. அப்புறம் இன்னொன்னு. அந்தப் பொண்ணாண்ட என் சங்கதிய யாரும் வாய் தொறக்க வாணாம்." ஒட்டடை அடித்து வைக்கிறேன். மருந்தும் அடிக்கிறேன். ராஜகுளத்திலிருந்து பெண் வீட்டு மனிதர்கள் வீடு பார்க்க வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும், அது நியாயம். இரண்டாவது விஷயத்துக்குத்தான் நான் உடந்தையாக இருக்க மாட்டேன். எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் உனக்கு உயிர் போய் உயிர் வருகிறது; விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க மாட்டாய்; அதற்காகவே இந்த ஐந்து வருஷத்தில் மூன்று ரூம் மாறிவிட்டாய். இதெல்லாம் உன்னோடு ஆயுசு முழுக்கப் படுத்து எழுந்திருக்கப் போகிறவளுக்குத் தெரியக் கூடாது என்கிறாய். நீ எதை நினைத்து அப்படிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அதையே நினைத்துத்தான் உன் அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன்.

ஆமாம். எனக்கும் பயம். உனக்கு இருப்பதைவிட ஒரு படி கூடவே இருக்கும். எப்போது தொடங்கியது என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. அதைப் பார்த்ததும் பிடரி சில்லிட்டுப் போகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கால் இரண்டும் யாருடையதோ போல ஆகிவிடும். வேட்டியை நான்கு உதறு உதறாமல் கட்ட மாட்டேன். கொட்டகை ஆணியில் மாட்டியிருக்கும் மழைக்கோட்டை எடுக்கப் பயந்து எத்தனையோ நாள் தொப்பலாக நனைந்து வீடு வந்திருக்கிறேன். மார்கழிக் காலையில் வரப்பில் நடந்தால், பனி பிடித்த வலை முகத்தில் ஒட்டும் என்று ஒரு குச்சியை முன்னால் ஆட்டிக்கொண்டே போவேன். ஊரில் நான் பாம்புக்குப் பயந்து குச்சி வைத்திருப்பதாகப் புதிதாக வந்தவர்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் யார் வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் கூப்பிடுவது என்னைத்தான். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று பழமொழி இருக்கிறது. எட்டுக்கால் பூச்சிக்கு நடுங்குகிறவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பழமொழி கூட இல்லை.

மோட்டார் கொட்டகைக்குள் நான் கால் வைத்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? அந்தக் கொட்டகையின் மூலை முடுக்கெல்லாம் வலைதான். கரண்ட் வந்ததும் உன் அம்மாதான் போய் ஸ்டார்ட்டரைப் போடுவாள். "அவளுக்குக் கைராசி. அவ போட்டாத்தான் மோட்டாரு ஒடனே தண்ணி எடுக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உன் அம்மா அதை நம்பினாள். நம்பினாள் என்ன, பெருமையாகவே நினைத்தாள். காய்ச்சலாகக் கிடந்த நாளில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து போயிருக்கிறாள். எனக்குப் பூச்சி பிடிக்காது என்று அவளுக்கு அரசல்புரசலாகத் தெரியும். பிடிக்காது என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் மோவாயில் ஒரு தழும்பு இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அப்போது மூன்றாவது படித்தாய். உத்திரமேரூரில் உனக்கு யூனிபார்ம் துணி எடுத்துக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் வந்துகொண்டிருந்தோம். நீ முன்னால் நின்றிருந்தாய். திருப்புலிவனம் தாண்டியதும் வண்டித் தலைக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்து, நிதானமாக என் கட்டைவிரல் மேல் ஏறியது. நான் இரண்டு கையையும் விட்டுவிட்டேன். பெற்ற பிள்ளை முன்னால் நிற்கிறான் என்பதுகூட அந்த நொடியில் ஞாபகமில்லை. உனக்கு மூன்று தையல். வீட்டில் கேட்டதற்கு நாய் குறுக்கே வந்துவிட்டது என்றேன். ரோட்டில் விழுந்து கிடந்தபோதே நீ அழுதுகொண்டு, "நைனா, அது எங்க போச்சி?" என்று கேட்டாய். நான், "நாயி ஓடிப்போச்சிப்பா" என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். அதற்குப் பிறகு நீயும் நாய் என்றுதான் சொன்னாய். எட்டு வயதுப் பையன் அப்பனுக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்ட நாள் அது. உன் பயத்துக்கு விதை போட்டவனும் நான்தான் என்று நினைக்கிறேன். குழந்தைகள் நாம் சொல்வதையா பார்க்கிறார்கள், நம் முகத்தை அல்லவா பார்க்கிறார்கள்.

ஒருமுறை வேளாண்மை ஆபீசிலிருந்து ஒருவர் வந்து வயலில் இறங்கி, நெற்பயிரில் ஓடுகிற சிலந்திகளைக் காட்டி, "இது ஒவ்வொண்ணும் கூலி வாங்காம உங்க நிலத்துல வேல செய்யுது. புகையான், தத்துப்பூச்சி எல்லாத்தையும் புடிச்சித் தின்னும். தேவையில்லாம மருந்து அடிச்சி இதைக் கொன்னுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலமே ஒன்றுக்கு இரண்டாக மருந்து அடித்தேன். அவர் காட்டிய பிறகு அந்த வயலில் என்னால் கால் வைக்க முடியவில்லை. அந்தப் போகம் புகையான் விழுந்து, நடு வயல் வட்டம் வட்டமாகக் கருகியது. பருவம் சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். பருவத்துக்கு வாயா இருக்கிறது, மறுத்துப் பேச?

இனி உன் அம்மாவின் கண்ணுக்கு வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான் எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொரு வருஷம் ஆகிறது. நீ பாலிடெக்னிக் முதல் வருஷம், ஹாஸ்டலில் இருந்தாய். நவரைப் பட்டத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. உன் அம்மா மூன்று நாளாகவே நெற்றியின் இடது பக்கம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "சீப்பு பட்டாலே நெருப்பு வெச்சாப்ல கீதுங்க" என்றாள். வெயில் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். நடவு முடிந்த அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டு அறையில் பாய் போட்டுப் படுத்தாள். நான் துண்டை எடுக்கப் போனேன். அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணையில், அவள் கூந்தலை ஒட்டி, அது உட்கார்ந்திருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும்.

"இந்தாமே" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் எழுந்திருப்பாள். முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பப் படுத்திருப்பாள். எனக்குக் குரல் வரவில்லை. பின்பக்கமாகவே அடி வைத்து வெளியே வந்தேன். வந்து என்ன செய்தேன் தெரியுமா? கதவை இழுத்துச் சாத்தினேன். அது வெளியே வந்துவிடக் கூடாதே என்று. உள்ளே அதோடு உன் அம்மாவை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. திரும்பி வந்தபோது அவள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். தப்பித்தாள் என்று நினைக்கவில்லை பார், தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் இடது புருவத்துக்கு மேலே சிவந்து, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. எனக்கு அது என்னவென்று சந்தேகமே இல்லை. பூச்சி ஊர்ந்தால், அதன் எச்சம் பட்டால் அக்கி கொப்பளிக்கும், அதற்குக் குயவர் கையால் காவி எழுதினால்தான் இறங்கும் என்று நம் பக்கத்தில் சொல்வதுதானே. உனக்கும் இரண்டாவது படிக்கும்போது முதுகில் எழுதியிருக்கிறோம். உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் புத்திசாலி, அதை நான் என்றைக்கும் வெளியில் சொன்னதில்லை. "மூணு நாளா எரியுதுன்னு சொல்லிக்கினே கீறேன். பூச்சி பட்டிருந்தா பட்டதுக்கு அப்புறந்தான எரியணும்? இது வேற இன்னாவோங்க. கண்ணுக்குள்ள குத்துது. காஞ்சிபுரம் போயி டாக்டராண்ட காட்டிட்டு வந்துடலாம்" என்றாள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் பார். நான், "எனக்குத் தெரியாதா? இது அக்கிதாமே. மூணு நாளு எழுதுனா எறங்கிடும்" என்று அவள் வாயை அடைத்தேன். நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு அந்த வீட்டில் நடந்த எல்லாமே அந்த ஒரு பூச்சியாகத் தெரிந்தது.

பக்கத்து ஊர்க் குயவர் வீட்டுப் பெரியவரைக் கூட்டி வந்தேன். காவிக்கல்லை இழைத்து, கோழி இறகால், அக்கிக்கு எழுதுகிற வழக்கப்படி, நெற்றியில் சிங்கம் எழுதினார். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் வந்து பார்த்தவர் இறகைக் கீழே வைத்துவிட்டார். "மூக்கு நுனிக்கு வந்துடுச்சி. கண்ணும் செவந்து கீது. கண்ணாண்ட வந்துட்டா அது என் கையில இல்ல, நான் எழுதறதும் இல்ல. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்றார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். அவர் தொழிலையே நம்பி வந்தவனிடம், இது என்னால் ஆகாது என்று சொல்லும் நேர்மை அவருக்கு இருந்தது. நான் கெஞ்சி அன்றைக்கும் நெற்றியில் மட்டும் எழுத வைத்தேன். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. கிண்ணத்தில் மீதியிருந்த காவியைக் குழைத்துத் தீக்குச்சியால் நானே எழுதினேன். நான் எழுதிய சிங்கம் ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. உன் அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு அந்த வலியிலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். பணம் இல்லாமல் இல்லை, பஸ் இல்லாமல் இல்லை. டாக்டர் கேட்பார்: என்ன ஆயிற்று, எப்போது, யார் பார்த்தது? அப்போது நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். பார்த்தேன் ஐயா, எழுப்பவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டேன் என்று மனைவியை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கும். அந்த வெட்கத்துக்காக நாளைக் கடத்தினேன். ஐந்தாம் நாள் கண்ணைத் திறக்க முடியாமல் வீங்கி, சீழ் கட்டிவிட்டது. உன் மாமன் தற்செயலாக வந்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஆட்டோ பிடித்தான். காஞ்சிபுரத்தில் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் கழித்து, அந்தக் கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும், உருவம் தெரியாது என்றார்கள். பிறகு அந்த வெளிச்சமும் போய்விட்டது.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னதை நான் பதினொரு வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. எட்டுக்கால் பூச்சி ஏதாவது ஊர்ந்திருக்குமா என்று நான்தான் மெல்லக் கேட்டேன். "எட்டுக்கால் பூச்சியா? பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. சின்ன வயசுல இவங்களுக்கு அம்மை போட்டிருக்கும். அந்தக் கிருமி நரம்புலயே இருந்து, இத்தனை வருஷம் கழிச்சு வெளிய வந்திருக்கு. அதனாலதான் கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே எரிஞ்சிருக்கு. கொப்புளம் வந்த ரெண்டு மூணு நாள்ல கூட்டிட்டு வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க?" என்றார். கேட்டுவிட்டு உள்ளே போனார். உன் மாமன் ஓடி வந்து, "இன்னா மாமா சொல்றாங்க?" என்றான். என் வாயிலிருந்து, "வெஷப் பூச்சியாம்" என்று வந்தது. யோசித்துச் சொன்ன பொய்யில்லை. தும்மல் மாதிரி வந்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூச்சி செய்த வேலைக்குப் புருஷன் என்ன செய்வான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்தேன். பதினொரு வருஷம் எல்லாரும் அந்தச் சோற்றைத்தான் தின்றோம்.

நீ சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்தாய். அம்மாவின் கண்ணில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "எந்த மாதிரி பூச்சி நைனா?" என்று கேட்டாய். நான் கையை விரித்துக் காட்டினேன். "உள்ளங்கை அகலம். கருப்பா, மயிரா இருந்துச்சி" என்றேன். காசு அளவு இருந்ததை உள்ளங்கை அளவாக்கினேன். இவ்வளவு பெரியதிடம் யார்தான் என்ன செய்ய முடியும் என்று நீ நினைக்க வேண்டும் என்பதற்காக. அன்று ராத்திரியிலிருந்துதான் நீ விளக்கை அணைக்கவிடுவதில்லை. உனக்கு அதற்கு முன்பே பயம் இருந்தது உண்மை. ஆனால் அதுவரை அது பிள்ளைப் பயம். உன் அம்மாவின் கண்ணைத் தின்ற ஒரு பிராணியை உன் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தவன் நான். மகனே, அப்படி ஒரு பூச்சி கிடையாது. நீ பதினொரு வருஷமாகப் பயந்துகொண்டிருப்பது உன் அப்பனின் பொய்க்கு.

உன் அம்மாவும் அதைத்தான் நம்பினாள். அவளிடம் வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் பெரியம்மா பார்க்க வந்தபோது, "வூட்ட பெருக்கி மொழுகி சுத்தமா வெச்சிக்கினு இருந்தா இந்த கெதி வருமா?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். குடித்துக்கொண்டேதான் இருந்தேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் உன் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு உத்தரம் உத்தரமாக ஒட்டடை அடிக்கிறாள். தூரம் தெரியாமல் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். தன் கண் போனதற்குத் தன் சோம்பல்தான் காரணம் என்று எத்தனை முறை என்னிடமே சொல்லியிருக்கிறாள். நான் ஆறுதல் சொல்வேன். என்னைப் போல ஒரு ஆறுதல்காரன் யாருக்கு வாய்ப்பான்.

பயப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அறுபத்து மூன்று வயதில் எனக்கே போகவில்லை. இதை எழுதும்போதுகூட மேசைக்கு அடியில் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் காலை நீட்டினேன். பட்டணத்தில் இதற்கெல்லாம் மனசு டாக்டர்கள் இருக்கிறார்களாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடுவார்களாம். உன் வயதில் எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும், போய்ப் பார். போகாவிட்டாலும் குடி முழுகாது. பயத்தோடு ஒரு மனுஷன் நெல் விளைவிக்கலாம், பிள்ளை பெறலாம், படிக்க வைக்கலாம். நான் கெட்டது அதை மறைக்கப் போய்த்தான். மறைக்கிறவன் எந்நேரமும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவள் மூன்று நாளாக எரிகிறது என்று சொன்னால் அவன் காதில் ஏறாது. வரப்போகிறவளுக்கு நீ காவலாக இருக்க வேண்டிய ஒரு நாள் வரும். அன்றைக்கு உன் முதுகில் இந்த மூட்டை இருக்கக் கூடாது. அதனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு. சிரித்தால் சிரிக்கட்டும். வேண்டாம் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, சொல்லட்டும். தெரிந்தால், பூச்சி வந்தால் அவளாவது தட்டிவிடுவாள். உன் அம்மாவுக்கு அந்த வாய்ப்பைக்கூட நான் கொடுக்கவில்லை.

உனக்கு இவ்வளவு சொல்ல வேண்டுமானால் முதலில் உன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. புதன்கிழமை சொன்னேன். மழை விட்டிருந்தது. அவள் பின்பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் அவளுக்கு இடது பக்கமாக உட்கார்ந்தேன். அவளுக்குத் தெரியாத பக்கம். அதைக்கூட யோசித்துத்தான் செய்தேன், வெட்கக்கேடு. உனக்கு எழுதிய இதே வரிசையில் சொன்னேன். தலையணையில் பார்த்தது, கதவைச் சாத்தியது, டாக்டரம்மா வராந்தாவில் சொன்னது. கீரை ஆய்கிற கை நிற்கவில்லை. முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் தலையை முழுசாக இந்தப் பக்கம் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"பூச்சி இல்லியா அது?"

"இல்ல."

"நான் வூட்ட பெருக்காததால இல்லியா?"

"இல்லமே."

"அன்னிக்கு நான் டாக்டராண்ட போலாம்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"மூணு நாளா எரியுதுன்னு சொன்னனா?"

"சொன்ன."

கையிலிருந்த கீரைக் காம்பை முறத்தில் போட்டாள். "நீ கதவ சாத்துனத வுடு. பயந்தவன் சாத்துவான். நீ எழுப்பி சொல்லி இருந்தாலும் எனக்கு அந்த நோவு வந்துதான் இருக்கும். ஆனா நான் வாயத் தொறந்து சொன்னேனே, அத கேக்கலியே நீ" என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது அன்றைக்குத்தான். நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். "அத எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு? புள்ளைக்கு எழுது மொதல்ல. அவன் இன்னமும் லைட்டப் போட்டுக்கினு படுத்துக் கீறான்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்று சனிக்கிழமை. அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேளைக்குச் சோறு வைக்கிறாள். கரண்ட் வந்தால் மோட்டார் போடப் போவதில்லை. நேற்று நானே கொட்டகை வரைக்கும் போனேன். கதவைத் திறந்து நின்றேன். அவ்வளவுதான் முடிந்தது. பயிர் காய்ந்துவிடாது, கார்த்திகை மழை இருக்கிறது. அவள் மனசு திரும்புமா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பாவிட்டால் அதைக் கேட்கிற உரிமையும் எனக்கில்லை.

இதைப் படித்து முடித்ததும் நீ போனை எடுப்பாய். கோபமாக எடுப்பாய். என் நம்பருக்குப் போடாதே. அம்மாவுக்குப் போடு. உன் பங்குக்கு அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இப்போது உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேள். என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு அவளைக் கேட்டு முடிவு செய்துகொள்.

உன் நைனா